தண்ணீர் குடித்தவரின் மகளுக்கு

அன்ரி,

இன்று காலைத் தேநீர் இடைவேளையில் உங்கள் மூத்த மகன் ஒரு காகிதப் பொதியைக் கொண்டுவந்து, மரக்கறி அடுக்குகிற என் மேசையில் வைத்தார். புறொக்கோலிப் பெட்டிகளுக்கும் நொறுக்கிய ஐசுக்கும் நடுவே அது கிடந்தது. பிரித்துப் பார்த்தால் பித்தளை மூக்குப்பேணி, எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த குவளை. நான் உங்களுக்குத் தந்ததுதான். மூக்குக்குள் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், பசிலிக்கோ. எங்கள் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று நான் சொல்வேனே, அந்தச் செடியின் கொப்புகளை முறித்துக் குசினி யன்னலில் இந்தப் பேணிக்குள்தான் போட்டு வைத்திருந்தீர்கள். தண்ணீர் குடிக்கத் தந்த பேணியை நீங்கள் பூச்சாடி ஆக்கியது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்தும் இன்னும் அதைக் கழுவ மனம் வரவில்லை.

பேணியை வைத்துவிட்டுப் போகும்போது மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் இத்தனை வருடம் வேலை செய்கிறேன், ஒருநாளும் கேட்காத கேள்வி. அதைக் கடைசியில் எழுதுகிறேன். கதையை வாலிலிருந்து தொடங்கினால் உங்களுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

இந்த மடலை உங்களால் வாசிக்க முடியாது. உயிரோடு இருந்திருந்தாலும் முடியாது. நீங்கள் சிசிலியில் ஒரு மலைக் கிராமத்துக்காரி, நான் யாழ்ப்பாணத்துக்காரி. நம் இருவருக்கும் இடையில் ஓடியது இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு நொண்டி ஆங்கிலம். ஆனாலும் நீங்கள் என்னோடு ஆங்கிலத்தில் பேசியதாக எனக்கு இப்போது நினைவே இல்லை. என் காதுக்குள் நீங்கள் அசல் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? மெல்பேணை அடுத்த வெரிபீக்குத் தெற்கே, கடற்காற்று அடிக்கிற மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே உங்கள் குடும்பத்தின் தகரக் கொட்டகை. டார்னெய்ட்டில் என் வீட்டிலிருந்து விடிய முன்னமே காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கோலிஃபிளவரின் இலைகளை வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். எனக்கு எதிரே கறுப்புக் கம்பளிச் சட்டையும் ஏப்ரனுமாக நீங்கள் நின்றீர்கள். உங்கள் கத்தியின் வேகத்தைப் பார்த்து, யாரோ பழைய வேலைக்காரி, இவரோடு சிநேகமாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் முதலாளியின் தாய் என்றும், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கொட்டகைக்கு வருகிறவர் என்றும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பது பிறகுதான். யாருடைய பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி. "நீர் ஆற்றை மகள்?" என்போம். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஆளைக் கதிரையில் இருத்துவதா, படலையோடு அனுப்புவதா என்பது முடிவாகும். அந்தப் பழக்கத்தில், கையிலிருந்த ஆங்கிலத்தைத் திரட்டி, எழுபதைக் கடந்த உங்களைப் பார்த்து, "உங்கட அப்பா ஆர்?" என்று கேட்டுவிட்டேன்.

எங்களை மேற்பார்த்த வெள்ளைக்காரப் பெட்டை பதறிப்போய் ஓடி வந்தாள். வேலையிடத்தில் ஆட்களின் சொந்த விசயங்களைக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கண் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்ததில்தான் நீங்கள் சாதாரண ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. முதல் நாளே வேலை போச்சு என்று நினைத்தேன்.

நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள். "இன்னொருக்காக் கேள்" என்றீர்கள்.

கேட்டேன்.

"ஆ கு அப்பர்த்தேனி?" என்று உங்கள் பாஷையில் மெல்லச் சொன்னீர்கள், எனக்கில்லை, உங்களுக்கே. நீ யாரைச் சேர்ந்தவள் என்று அர்த்தமாம். உங்கள் கிராமத்தில் புதுமுகம் ஒன்றைக் கண்டால் வாசலில் இருக்கும் பெண்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதானாம். "இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு ஒருத்தரும் என்னட்டை இதைக் கேக்கேல்லையடி. எல்லாரும் ஆற்றை பெண்சாதி, ஆற்றை அம்மா எண்டுதான் கேட்டவை" என்றீர்கள். பிறகு நிமிர்ந்து, "நான் பெவிலாக்வா. பெவிலாக்வா வீட்டுப் பெட்டை" என்றீர்கள். எழுபதைக் கடந்த ஒருவர் சின்னப் பெண்ணைப்போலத் தன்னைப் பெட்டை என்று சொல்லும்போது முகம் அப்படி மலரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு என் இடம் உங்களுக்கு எதிரேதான் என்று ஆகிவிட்டது. உங்கள் கணவரின் குடும்பப் பெயரை இந்த மடலில் நான் எழுதப் போவதில்லை. அது லொறியிலும் பெட்டிகளிலும் கொட்டகை முகப்பிலும் போதுமான அளவு இருக்கிறது.

பெவிலாக்வா என்றால் 'தண்ணீர் குடி' என்று நீங்கள் சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்புக்கு மன்னிப்பே கிடையாது. தண்ணி என்று எங்கள் ஆட்கள் வேறொன்றையும் சொல்வார்கள், போத்தலில் வருவதை, என்று விளக்கினேன். நீங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாகச் சிரித்தீர்கள். "அப்ப எங்கட ஊர்ச் சனம் சொன்னது சரிதான்" என்றீர்கள்.

அந்தப் பெயருக்கு உங்களிடம் மூன்று வரலாறு இருந்தது. முதலாவது உங்கள் அப்பா சொன்னது. எந்தக் காலத்திலோ ஒரு கொடும் வெயிலில் கிராமத்துக் கிணறு நாறியது. யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று கதை பரவி, ஒருவரும் வாளியைத் தொடவில்லை. குழந்தைகள் தாகத்தில் அழுதன. அப்போது ஊர் கூடி ஒரு ஏழை மனிதனை முன்னே தள்ளி, நீ குடி பார்ப்போம் என்றது. அவர் குடித்தார். மறுநாளும் உயிரோடு எழும்பி வந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் அது. இந்தக் கதையைச் சொல்லும்போது நீங்கள் வெட்டுவதை நிறுத்திவிடுவீர்கள்.

இரண்டாவது ஊர் சொன்னது. அந்த மனிதர் சரியான குடிகாரர், வைனைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது, அதனால்தான் பகிடிக்கு அப்படி வைத்தார்கள் என்பது. மூன்றாவது சிட்னியில் இருந்த உங்கள் தம்பி சொன்னது. இத்தாலியின் வடக்கே அதே பெயரில் ஒரு சிற்றூரும் கோட்டையும் இருக்கிறதாம், அங்கிருந்த பிரபுக்களின் வழி வந்தவர்களாம் நீங்கள். அதற்கு ஆதாரமாகத் தம்பி கடைத்தெருவில் ஒரு குடும்பச் சின்னம் வாங்கி, சட்டம் போட்டு வாசலில் தொங்கவிட்டிருந்தார். நீங்கள் எனக்கு அதன் படத்தைக் காட்டினீர்கள். கேடயத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு சிங்கம். இலங்கைக் கொடியின் சிங்கத்தோடு வளர்ந்த தமிழச்சி இன்னொரு சிங்கத்தைக் கண்டால் ஏன் ஓரடி பின்வாங்குவாள் என்பதை அன்றைக்கு விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

என் மகளிடம் கேட்டேன். அவள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, it's just a nickname. இத்தாலி முழுக்க இருக்கு. They're not even related" என்றாள். அவள் வாசித்துச் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். முன்னொரு காலத்தில் சனத்துக்கு ஒற்றைப் பெயர்தான். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஊர் ஒரு பட்டம் வைக்கும். பாதிரிமார் ஞானஸ்நானப் புத்தகம் எழுதத் தொடங்கியபோது அந்தப் பட்டத்தையும் சேர்த்து எழுதினார்கள். எழுதியது பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. ரொட்டி தின்னி, இரும்பு வெட்டி என்றெல்லாம் அங்கே குடும்பங்கள் இருக்கின்றனவாம். தண்ணீர் குடித்தவர்களும் அப்படி ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்தவர்கள்தான்.

இதை உங்களிடம் வந்து சொன்னபோது கவலைப்படுவீர்கள் என்று பயந்தேன். "அப்ப எந்தக் கதை அன்ரி உண்மை?" என்றேன். நீங்கள் அசரவில்லை. "மூண்டையும் வைச்சிருப்பம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பாட கதை. வேலை நாளுக்கு ஊரிட கதை. தம்பி வந்தா மட்டும் சிங்கம்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் நான் என் பட்டத்தை உங்களுக்குச் சொன்னேன். எங்கள் ஊரிலும் குடும்பத்துக்கு ஒரு பட்டம் உண்டு. ஆனால் உங்களைப்போல் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற வழக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் வேலியைத் தாண்டிக் கைகலப்பு வரும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னை அப்படிக் கூப்பிட்டதற்காக நான் அவளுடைய பின்னலை இழுத்து விழுத்தியிருக்கிறேன். அதனால், ஒருவருக்கும் தமிழ் தெரியாத கொட்டகையில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓட்டைப்பேணி" என்றேன்.

என் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, வருகிறவர்களுக்கு அடியில் ஓட்டையுள்ள பேணியில்தான் தண்ணீர் கொடுப்பாராம். வந்தவர் ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார். உட்கார்ந்து கதைக்கவும் மாட்டார், இரண்டாம் பேணி கேட்கவும் மாட்டார். இது ஊர் சொன்ன கதை. அப்பா சொன்னது வேறு. அது பூட்டனுடைய தாயார் குடித்த பேணியாம், அதை எறிய அவருக்கு மனம் வரவில்லையாம். நீங்கள் கேட்டுவிட்டு, "உன்ர அப்பா சொன்னதுதான் சரி" என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொன்னீர்கள். உங்கள் பெயர் விசயத்தில் மூன்று கதையையும் வைத்துக்கொண்டவர், என் விசயத்தில் ஒன்றையே பிடித்துக்கொண்டீர்கள். அதற்காகவே உங்கள் மேல் எனக்கு உயிர்.

அண்ணாவின் மகள் ஊரிலிருந்து வந்தபோது அவளிடம் சொல்லி எடுப்பித்த மூக்குப்பேணி இது. ஓட்டை இல்லாதது, நல்ல கனம். வாயில் முட்டாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். நீங்கள் செய்தபோது முழுவதும் கம்பளிச் சட்டைக்குள் போனது. "தண்ணி குடிக்கத் தெரியாத பெவிலாக்வா" என்று நான் பழித்துக் காட்ட, நனைந்த சட்டையோடு வேலை முடியும்வரை நின்றீர்கள். அடுத்த நாள் பேணி பூச்சாடியாகியிருந்தது.

கல்யாணக் கதையை நீங்கள் சொன்னது ஒரு மழைநாளில். வயலில் இறங்க முடியாமல் எல்லோரும் சும்மா இருந்தோம். மாப்பிள்ளை வெரிபீயில் நிலம் கொத்திக்கொண்டிருக்கிறார். உங்களிடம் இருந்தது அவருடைய படம் மட்டும். எங்கள் பெட்டைகள் படத்தைப் பார்த்துவிட்டுக் கனடாவுக்குப் போனதுபோலத்தான். ஆனால் உங்களுக்கு ஊரிலேயே, மாப்பிள்ளை இல்லாமலே, கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் இடத்தில் நின்று உங்கள் விரலில் மோதிரம் போட்டது உங்கள் தம்பி. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லையாம். "அவன் நடுங்கின நடுக்கத்தில மோதிரம் கீழ விழுந்திட்டுது" என்றீர்கள்.

பிறகு கப்பல். மெல்பேண் துறைமுகத்தில் ஓர் அதிகாரி ஒவ்வொரு பெண்ணாக, கணவர் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், ஒருவரும் போகவில்லை. நீங்கள் உங்கள் பயணப் பெட்டியின் மேல் இருந்தபடி, ஆர் பாவம் இந்தப் பெட்டை, காது கேளாது போல என்று இரங்கிக்கொண்டிருந்தீர்கள். கூட்டம் கலைந்து, துறையில் நீங்களும், உங்கள் படத்தைக் கையில் பிடித்தபடி ஓர் ஆணும் மட்டும் மிஞ்சிய பிறகுதான் அந்தப் பெட்டை நீங்கள் என்று உங்களுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளத் தாளில் 'மிஸ்ஸிஸ் சிவகுமார்' என்று முதல்முறை பார்த்தபோது, இது ஆற்றையோ தாள் என்று திருப்பிக் கொடுக்கப் போனவள் நான்.

கணவர் நல்ல மனிதர் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். அவர் போன பிறகு ஞாயிறு தவறாமல் சேமக்காலையில் அவர் கல்லறைக்குப் போனீர்கள், வாளியில் தண்ணீர் அள்ளிக் கல்லைக் கழுவினீர்கள். ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அகலமான கறுப்புக் கல். ஒரு பாதியில் அவர், பீங்கானில் பதித்த படத்தோடு. மறு பாதியில் நீங்கள். உங்கள் பெயர், அதன் பின்னால் அவருடைய குடும்பப் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, பிறகு வெறும் இடம். பஸ்ஸில் கை துடைக்கிற லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிறதுபோல உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். உயிரோடு பக்கத்தில் நிற்கிறவரின் பெயரைக் கல்லில் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. உங்களைக் கூசவைத்தது வேறு.

"எங்கட ஊரில பொம்பிளை கட்டினாலும் பேர் மாறாது. என்ர அம்மாட கல்லில அவவின்ர தேப்பன் வீட்டுப் பேர்தான் கிடக்கு. இதில கிடக்கிற இந்தப் பெட்டையை என்ர ஊரில ஒருத்தருக்கும் தெரியாது" என்றீர்கள்.

கீழே ஒரு வரி, பிறந்த வீடு பெவிலாக்வா என்று, சேர்த்துவிடச் சொல்லி மகனிடம் கேட்டிருந்தீர்கள். மகன் மறுத்தது கோபத்தில் அல்ல. கல் வேலை முடிந்துவிட்டது, இடமில்லை அம்மா, இப்போது போய்ச் சேர்த்தால் அப்பாவோடு ஏதோ மனத்தாங்கல் என்று சனம் நினைக்கும் என்றாராம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாராம்.

"அவன் நல்ல பிள்ளை. தேப்பன் எண்டா உயிர். அவனோட சண்டை பிடிக்க எனக்கு மனமில்லை" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தீர்கள். பிறகு, "நீ எல்லோ முதல் நாள் என்னட்டைக் கேட்டனி? நான் போற அண்டைக்கும் கேள். எங்கட பாசையில கேள். எனக்குப் பதில் சொல்லேலாது. ஆரும் சொல்லுவினம்" என்றீர்கள்.

"ஒருத்தரும் சொல்லாட்டி?"

"அப்ப நீ சொல்லு."

சொல்லிவிட்டு உடனேயே சிரித்துவிட்டீர்கள். அது பகிடியா, மெய்யா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதன் பிறகு மதியச் சாப்பாட்டின்போதெல்லாம் அந்த மூன்று சொல்லையும் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். 'ர' உருள வேண்டும் என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். பகிடிக்காக யாரும் அவ்வளவு மினக்கெடுவதில்லை, அன்ரி.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. செத்தவீட்டுக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் விசயத்தைச் சொன்னேன். சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார்.

"நீர் அவையின்ர செத்தவீட்டில போய் வாயைத் திறக்காதையும். அந்தப் பொடியன் எங்களுக்குச் சம்பளம் தாற ஆள். கல்லில வேண்டாம் எண்டு அவர் சொன்னதைச் சவப்பெட்டிக்கு முன்னால நீர் கேக்கிறதே?"

"அவ கேட்டு வைச்சவ."

"பகிடிக்குச் சொல்லியிருப்பா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் படிக்கிறாள். இந்த வயதில் வேறு வேலை தேடுவது எனக்கும் பயம்தான். வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வெள்ளைச் சேலையைக் கட்டினேன். அங்கே எல்லோரும் கறுப்பில் நின்றார்கள்.

குழிக்கரையில் ஒவ்வொருவராகப் பூப் போட்டோம். அந்தப் பெரிய கல்லை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். என் முறை வந்தபோது சவப்பெட்டியைப் பார்த்தேன். உங்கள் பெயர் தகட்டில், பின்னால் அவர் பெயர். துறைமுகத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள், நீங்கள் பயணப் பெட்டியின் மேல் இருந்து இரங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. அதோடு என் முடிவு போய்விட்டது.

"ஆ கு அப்பர்த்தேனி?"

முதல் முறை மெதுவாகத்தான் கேட்டேன். இரண்டாம் முறை சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாதிரியார் செபத்தை நிறுத்தினார். மேற்பார்வைப் பெட்டை முதல் நாள் பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள். உங்கள் மகன் தலையைத் தூக்கினார். அந்த முகத்தில் இருந்ததை என்னால் வாசிக்க முடியவில்லை. ஒருவரும் பேசவில்லை. சரி, நான்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று வாயைத் திறந்தேன்.

"பெவிலாக்வா!"

முன்வரிசைக் கதிரையிலிருந்து உங்கள் தம்பி எழும்பினார். சிட்னியிலிருந்து வந்திருந்தார். கைத்தடி ஒரு பக்கம் விழுந்தது, அதை எடுக்கவில்லை. அழுதுகொண்டே ஏதோ சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதிய பெண் பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். "என்ர அப்பாவின்ர மகள். பெவிலாக்வாவின்ர மகள். வேற பேருக்கு இவளைக் கட்டிக் குடுத்தது நான். மோதிரம் போட்டது இந்தக் கை" என்றாராம். சிங்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் ஊரிலிருந்து வந்த மற்றப் பெண்களும், செபத்துக்குப் பதில் சொல்வதுபோல, ஒருவர் பின் ஒருவராக அந்தப் பெயரைச் சொன்னார்கள். நான் பூவைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

மகன் அன்று என்னோடு பேசவில்லை. கோப்பி குடிக்கும் இடத்தில் என்னைக் கடந்து போனார். அடுத்த கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்டும் சொல்லேல்லையே? அப்ப வேலை போச்சு" என்று என் கணவர் தினமும் மாலையில் அறிவித்தார். வேலை போகவில்லை, பேச்சுத்தான் வரவில்லை. உங்கள் இடத்தில் ஒரு புதுப் பெட்டையை நிறுத்தினார்கள், பஞ்சாப்காரி. காதில் எதையோ செருகிக்கொண்டு வேலை செய்கிறாள். போன மாதம் அவளிடம் அப்பா யார் என்று கேட்டேன். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். டார்னெய்ட் மரக்கறிக் கடையில் காசு வாங்கும் பிள்ளையிடமும் கேட்கிறேன், சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு உறவினரோடு போனபோது செருப்பு வைக்கிற இடத்தில் நின்ற ஒரு மனுசியிடமும் கேட்டேன். என் மகளுக்கு வெட்கம். கேட்கட்டும், அம்மா அப்படித்தான் என்று இப்போது பழகிவிட்டாள். நீங்கள் தந்த கேள்வி என்று சொல்ல முடியாது, அது என்னிடமும் இருந்ததுதான். ஆனால் அது கேட்கத் தகுந்த கேள்வி என்ற துணிவு உங்களுடையது.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

பேணியை நான் முகர்ந்துகொண்டிருக்க, உங்கள் மகன் போகாமல் நின்றார். "கல்லுக்காரன் நேற்று முடித்துவிட்டான்" என்றார். "கீழே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மாமா சொன்ன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் அம்மாவுக்கென்று பிறந்த வீட்டுப் பெயர் ஒன்று இருந்தது, நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை." இடமில்லை என்ற கல்லில் இடம் இருந்திருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, சம்பளம் தருகிற ஆள்.

இரண்டடி போனார். திரும்பி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, உங்களைப்போலவே 'ர' உருள, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ்ஸிஸ் சிவகுமார், ஆ கு அப்பர்த்தேனி?"

கொட்டகையில் எல்லோரும் பார்த்தார்கள். பஞ்சாப்காரப் பெட்டை காதிலிருந்ததைக் கழற்றினாள். அப்பாவின் பெயர் நுனி நாக்கில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஊரில் முகத்துக்கு முன்னால் யார் சொன்னாலும் பின்னலை இழுத்து விழுத்துவேனே, அதைச் சொன்னேன். பெட்டிகளுக்கு மேலால் கடைசி மேசைக்கும் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னேன்.

"ஓட்டைப்பேணி. நான் ஓட்டைப்பேணி வீட்டுப் பெட்டை."